கைத்திறனை நம்பும் மத்தியகால வாள்சண்டை கேம் எது? பழைய லேப்டாப்புக்குப் பரிந்துரை வேண்டும்

தண்டையார்பேட்டை நைட் ஷிப்ட்:

அனைவருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் முறையில் கணக்குப் பார்க்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால், எனக்கென்று ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் மிஞ்சும். அந்த நேரத்தில் விளையாடுவதற்கு, வாள், ஈட்டி, குதிரை, கோட்டை என்று மத்தியகாலச் சூழலில் அமைந்த ரோல்பிளேயிங் கேம் (ஒரு பாத்திரமாக மாறி, அதை வளர்த்து விளையாடுவது) ஒன்றைத் தேடுகிறேன். மந்திரமும் பறக்கும் நாகமும் வேண்டாம். பெருநிறுவனங்களின் கேம்களைவிட, ஒரு சிறு குழு தான் விரும்பியதையே பல ஆண்டுகள் செதுக்கி வெளியிட்ட இண்டி கேமாக இருந்தால் மிகவும் மகிழ்வேன்.

சண்டையைப் பற்றி நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஆசான் ஒருவரிடம் சிலம்பம் கற்றேன். கம்பின் நுனியைப் பார்க்காதே, எதிரில் நிற்பவனின் தோளைப் பார் என்று அவர் தினமும் சொல்வார். தோள் திரும்பும் பக்கத்தைக் கண்டுகொண்டால்தான் அடி வருவதற்கு முன்பே நம் கம்பு அந்த இடத்தில் இருக்கும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. மொபைலில் நான் விளையாடிய வாள்சண்டை கேம்களில் இந்த உணர்வு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. ஆயுதத்தின் எண்ணைக் கூட்டினால் அடி கூடுகிறது, பணம் கட்டினால் எண் கூடுகிறது, என் கை மட்டும் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாத்திரம் வளரட்டும், அதோடு நானும் தேற வேண்டும் என்பதே என் விருப்பம்.

என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் கொண்ட பழைய லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஹார்ட் டிஸ்க்கில் 30 ஜிபி அளவுக்கு இடம் இருக்கிறது. வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, போனின் ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்பியிருக்கிறேன். ஆகவே ஒரு முறை டவுன்லோட் செய்தபின் இணையம் இல்லாமல் தனியாக விளையாட முடிய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காசிமேட்டு வாசகன்:

வணக்கம் தம்பி. நீங்கள் எழுதியதைப் படித்து முடிப்பதற்குள்ளாகவே எனக்கு நினைவுக்கு வந்த கேம் 'மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்'. துருக்கியின் அங்காரா நகரில் ஒரு கணவனும் மனைவியும் தொடங்கிய டேல்வேர்ல்ட்ஸ் என்னும் சிறு ஸ்டூடியோவின் படைப்பு அது. கேம் முழுமையடைவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சோதனைப் பதிப்பாக விற்று, வாங்கியவர்கள் சொன்ன குறைகளைத் திருத்தித் திருத்தி, 2008இல் முதல் கேமை வெளியிட்டார்கள். அதை மெருகேற்றி 2010இல் கொண்டுவந்ததுதான் வார்பேண்ட். 1 ஜிபி ரேம் இருந்த காலத்துக் கணினிகளுக்காகச் செய்யப்பட்டது என்பதால் உங்கள் லேப்டாப்பில் தாராளமாக ஓடும்.

நீங்கள் தோளைப் பற்றிச் சொன்னீர்கள் அல்லவா, அதற்கு வருகிறேன். இந்த கேமில் வாளுக்கு நான்கு திசைகள் உண்டு. தலைக்கு மேலிருந்து வெட்டலாம், இடமிருந்து வீசலாம், வலமிருந்து வீசலாம், நேராகக் குத்தலாம். மவுஸை எந்தப் பக்கம் நகர்த்தி இடது பட்டனை அழுத்துகிறீர்களோ அந்தப் பக்கத்தில் வாள் ஓங்கி நிற்கும். பட்டனை விட்டால்தான் அடி இறங்கும். வலது பட்டன் தடுப்புக்கு. எதிரி தலைக்கு மேலே ஓங்கியிருக்கும்போது நீங்கள் பக்கவாட்டில் தடுத்தால் அடி உங்கள் மண்டையில்தான் விழும். அவன் ஓங்கும் திசையைப் பார்த்து, அந்தத் திசையிலேயே தடுத்து, அவன் வாள் பட்டுத் தெறித்துத் தடுமாறும் அந்த நொடியில் திருப்பி அடிக்க வேண்டும். தடுப்புத் திசையைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் வசதி ஒன்று அமைப்புகளில் இருக்கிறது. முதல் நாளே அதை நிறுத்திவிட்டு, மவுஸ் அசைவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் அடி வாங்குவீர்கள். அதன்பிறகு ஒரு நாள், யோசிக்காமலேயே கை சரியான பக்கம் போயிருப்பதைக் கவனிப்பீர்கள். எனக்கு அது நடந்தபோது இரவு மணி ஒன்று. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றே விட்டேன்.

கேடயம் இருந்தால் திசை பார்க்க வேண்டியதில்லை, எதிரே வருவதையெல்லாம் தாங்கும். ஆனால் அடி வாங்க வாங்க அது பிளந்துபோகும், அதுவும் கோடரிக்கு முன் வெகு சீக்கிரம். அம்பையும் எறியீட்டியையும் வாளால் தடுக்கவே முடியாது, அதற்குக் கேடயம்தான் வேண்டும். வெட்டு, குத்து, மொத்து என்று காயம் மூன்று வகைப்படும். தடி, கதாயுதம் போன்றவற்றால் மொத்தினால் எதிரி சாகாமல் மயங்கி விழுவான். அவனைக் கைதியாகப் பிடித்து, மதுக்கூடத்தில் இருக்கும் மீட்புத்தொகைத் தரகரிடம் விற்கலாம். கையில் காசில்லாத ஆரம்ப நாட்களில் இது பெரிய வருமானம்.

வேகத்தையும் கேம் கணக்கில் எடுக்கிறது. நீங்கள் முன்னே பாய்ந்துகொண்டே வீசினால் அடியின் கனம் கூடும், பின்வாங்கிக்கொண்டே வீசினால் குறையும். குதிரையில் முழு வேகத்தில் பாயும்போது பெரிய ஈட்டி தானாகவே தாழ்ந்து முன்னோக்கி நிற்கும். அந்த நிலையில் ஒருவன்மீது பட்டால் எப்பேர்ப்பட்ட கவசம் அணிந்தவனும் பெரும்பாலும் எழ மாட்டான். ஆனால் அதே குதிரையோடு நீண்ட ஈட்டி ஏந்திய காலாட்களின் வரிசைக்குள் நேராகப் புகுந்தீர்களானால், ஈட்டிமுனை பட்டுக் குதிரை முன்னங்கால் தூக்கி நின்றுவிடும். சுற்றியிருப்பவர்கள் உங்களை இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

கால்ரேடியா என்ற கற்பனை நிலத்தில் ஆறு அரசுகள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருக்கின்றன. நீங்கள் கையில் கொஞ்சம் காசோடு வந்து இறங்குகிறீர்கள். கிராமங்களில் ஆள் திரட்டிப் பயிற்சி கொடுத்து, ஓர் அரசனிடம் சேவகம் செய்து, கோட்டை பெற்று, விரும்பினால் உங்கள் பெயரிலேயே ஓர் அரசை நிறுவலாம். இன்னாரைக் கொல், இங்கே போ என்று கையைப் பிடித்து இழுத்துச் செல்லும் பெரிய கதை எதுவும் இல்லை. குறையென்றால் அதையும் சொல்லியாக வேண்டும்: பிரபுக்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வசனத்தைப் பேசுவார்கள், கொடுக்கும் வேலைகளும் திரும்பத் திரும்ப வரும். சண்டைக்காகத்தான் இந்த கேமை விளையாட வேண்டும்.

உங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் இது ஒத்துவரும். வரைபடத்தில் நீங்கள் நகர்ந்தாலோ காத்திருந்தாலோதான் காலம் ஓடும், நின்றால் அதுவும் நிற்கும். வரைபடத்தில் இருக்கும்போது எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், போர் நடுவில் மட்டும் முடியாது. நம் பக்கத்தில் கரண்ட் போகும் வாய்ப்பை நினைத்து, ஒவ்வொரு பெரிய சண்டைக்கு முன்னும் சேவ் செய்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். கள்ளப் பிரதி வாங்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த டிஸ்க்கை வாங்கி, அறுபது மணி நேரம் விளையாடி, இரண்டு கோட்டைகளுக்கு உரியவனான பிறகு ஒரு நாள் அந்த சேவ் திறக்கவே இல்லை. அன்று பட்ட வருத்தத்தை யாருக்கும் விரும்ப மாட்டேன். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கோடை, குளிர்காலத் தள்ளுபடி விற்பனைகளின்போது காத்திருந்து வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பிடிக்காதபோது பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியும்.

ராயபுரம் கையுறை:

அண்ணன் சொன்ன வார்பேண்ட் பரிந்துரையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். அந்தச் சண்டையில் திசை இருக்கிறது, நேரம் இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை. எவ்வளவு வீசினாலும் உங்கள் வீரன் களைப்பதே இல்லை. நான் ராயபுரத்தில் ஆறு ஆண்டுகள் பாக்சிங் பழகியவன். முதல் ரவுண்டில் ஆவேசமாகக் குத்தித் தள்ளியவன் மூன்றாவது ரவுண்டில் தன் கையை முகத்துக்கு நேராக உயர்த்தவே திணறுவதைப் பார்த்தவன் என்பதால், களைப்பைக் கணக்கில் எடுக்காத சண்டையை என்னால் முழுமையானது என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த மூச்சைச் சரியாகப் பிடித்த கேம் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. செக் நாட்டின் பிராக் நகரைச் சேர்ந்த வார்ஹார்ஸ் ஸ்டூடியோ 2018 பிப்ரவரி 13 அன்று வெளியிட்டது. மந்திரமே இல்லாத ரோல்பிளேயிங் கேமை யார் வாங்குவார்கள் என்ற ஐயம் வெளியீட்டாளர்களிடம் இருந்ததால், 2014இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பொதுமக்களிடம் 3 லட்சம் பவுண்டு கேட்டார்கள்; 11 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. கதை 1403ஆம் ஆண்டு, இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவில் நடக்கிறது. ஸ்கலிட்ஸ் என்ற சுரங்க ஊரை ஹங்கேரி அரசன் சிகிஸ்மண்டின் படை தாக்கி அழித்தது வரலாற்றில் உள்ள நிகழ்வு. அங்கே தாய் தந்தையை இழந்த ஹென்றி என்னும் கொல்லன் மகன்தான் நீங்கள்.

ஹென்றிக்கு ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. அவனால் ஓர் ஓலையைக்கூடப் படிக்க முடியாது. எழுத்தர் ஒருவரைத் தேடிப் போய்ப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வாளும் அப்படித்தான். ரட்டாய் என்ற ஊரில் பெர்னார்ட் என்ற வீரர் மரவாளைக் கொடுத்துப் பழக்குவார். ஐந்து திசைகளில் வீச்சு, அதோடு குத்து. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒவ்வொரு தடுப்புக்கும் தெம்பு குறையும். தெம்பு தீர்ந்த நிலையில் அடி விழுந்தால் அது நேராக உயிரில் இறங்கும். அதனால் நான்கு முறை வீசிவிட்டு இரண்டடி பின்வாங்கி நின்று, எதிரியின் தெம்பும் நம் தெம்பும் எங்கே இருக்கின்றன என்று எடைபோடுவீர்கள். முகத்தை மூடும் தலைக்கவசத்தை அணிந்தால் திரையே ஒரு குறுகிய பிளவாகச் சுருங்கிவிடும். பக்கத்தில் வருபவன் தெரியமாட்டான். பாதுகாப்பை வாங்கப் பார்வையைக் கொடுக்கிறோம் என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் அந்தப் பிளவே புரியவைத்துவிடுகிறது. தகட்டுக் கவசம் பூண்டவனை வாளால் வெட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை, கதாயுதத்தை எடுத்து மொத்த வேண்டும். கவசத்துக்கு உள்ளே பஞ்சு அடைத்த அங்கி, அதன்மேல் வளைய இரும்பு, அதன்மேல் தகடு என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும் என்பது வரையில் உழைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடிக்காததையும் எழுதுகிறேன். பிறகு கற்றுக்கொள்ளும் 'மாஸ்டர் ஸ்ட்ரைக்' என்ற எதிர்வீச்சு மற்ற எல்லா உத்திகளையும் விழுங்கிவிடுகிறது. நேரம் பார்த்துத் தடுத்தாலே அடி தானாகப் போய் விழுவதால், அதுவரை உழைத்துக் கற்ற திசைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது. மேலும் இதில் நினைத்தபோது சேவ் செய்ய இயலாது. படுக்கையில் தூங்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள மதுவைக் குடிக்க வேண்டும். விளையாட்டை மூடும்போது சேவ் செய்யும் வசதியைப் பிறகு சேர்த்தார்கள் என்பது உங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதல்.

ஆனால் தம்பி, இதற்கு 8 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் கட்டாயம். உங்கள் லேப்டாப்பில் திறக்கக்கூட முயல வேண்டாம். டேல்வேர்ல்ட்ஸின் அடுத்த கேமான 'பேனர்லார்ட்' 2022 அக்டோபரில் முழுமையாக வெளியானது. அதுவும் 60 ஜிபி இடம் கேட்கிறது. இப்போதைக்கு வார்பேண்டை விளையாடுங்கள். கணினி மாற்றும் நாளில் ஹென்றியிடம் வாருங்கள்.

திருவொற்றியூர் ரசிகை:

ஒரு சிறு இடையீடு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மிகச் சிறிய குழு ஒன்று செய்து 2017இல் வெளியிட்ட 'பேட்டில் பிரதர்ஸ்' என்ற கேமையும் குறித்துக்கொள்ளுங்கள். கூலிப்படை ஒன்றை நடத்த வேண்டும். அறுகோணக் கட்டங்களில் முறைவைத்து நகர்த்தும் போர் என்பதால் கைவேகத்துக்கு வேலை இல்லை. அந்த வகையில் இது கேள்விக்கு நேரான பதில் ஆகாது என்பதை அறிவேன். பூதங்களும் எழுந்து நடக்கும் பிணங்களும் வேறு வரும். ஆனாலும் ஷிப்ட் முடிந்து கண்ணும் கையும் சோர்ந்திருக்கும் இரவுகளில் மவுஸை விரைந்து அசைக்க முடியாது என்பதை மருத்துவமனைப் பணியில் இருக்கும் நான் நன்கு உணர்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட இரவுகளுக்கு இது ஏற்றது. பழைய கணினியிலும் ஓடும். இறந்த வீரன் இறந்தவன்தான், திரும்ப வரமாட்டான். பெயர் வைத்து, உடைந்த மூக்கோடும் தழும்போடும் முப்பது போர்கள் கூட வந்தவனை இழக்கும்போது, அந்த இடத்தை இன்னொருவனைக் கொண்டு நிரப்ப மனம் வராது.

தண்டையார்பேட்டை நைட் ஷிப்ட்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வார்பேண்டை வாங்கிவிட்டேன். ஹாட்ஸ்பாட்டிலேயே ஒரு மாலைக்குள் இறங்கிவிட்டது. நான்கு இரவுகள் விளையாடியிருக்கிறேன். நிழல்களைக் குறைத்து வைத்தால் லேப்டாப் சூடேறாமல் ஓடுகிறது.

தானியங்கித் தடுப்பை அண்ணன் சொன்னபடி முதல் நாளே நிறுத்தினேன். தொடக்கத்தில் தெருவில் பாயும் அந்த ஒற்றைத் திருடனிடமே அடிபட்டு விழுந்தேன். மூன்றாம் இரவு, நகரத்துப் போட்டிக்களத்தில் ஒருவன் இடது பக்கம் ஓங்கிவிட்டு, இறக்காமல் சட்டென்று மேலே மாற்றினான். நான் வாளைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தடுப்பும் மேலே போயிருந்தது. இரும்பு மோதும் அந்தச் சத்தம் கேட்டதும் காலி மனையின் புழுதி வாசனைகூட நினைவுக்கு வந்தது.

ஆனால் வடக்குக் கடற்கரையில் கடல் கொள்ளையர்களிடம் இரண்டு முறை தோற்றேன். என்னுடன் பதினெட்டு ஆட்கள், அவர்கள் பன்னிரண்டு பேர்தான். என் ஆட்கள் அரைமணியில் திரட்டிய விவசாயிகள் என்பது தெரியும். ஆயினும் ஒருவனைத் தடுக்கும்போது மற்றொருவன் பக்கத்திலிருந்து அடித்துவிடுகிறான். சிறைப்பட்டு, இருந்த குதிரையையும் இழந்தேன். இதற்கு என்ன செய்வது அண்ணா?

காசிமேட்டு வாசகன்:

தோளைப் பார்த்துத் தடுத்தீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது தம்பி.

கடல் கொள்ளையர்கள் ஆரம்ப நாட்களுக்கான எதிரிகள் இல்லை. கோடரியும் நல்ல கேடயமும் வைத்திருப்பார்கள், நெருங்குவதற்கு முன்பே எறியீட்டியும் அம்பும் வரும். இப்போது அவர்களை விட்டு விலகி, கல்லெறியும் சில்லறைக் கொள்ளையர்களைத் தேடுங்கள். அந்த விவசாயிகள் நான்கைந்து சண்டைகளில் பிழைத்தால் பதவி உயர்வு தரலாம். ஆறு அரசுகளில் ஒன்றான நார்ட் அரசின் கிராமத்து ஆட்களைக் காலாட்களாக வளர்த்தால் சுவர் மாதிரி நிற்பார்கள். வேகிர் அரசின் கிராமங்களில் எடுத்தால் நல்ல வில்லாளிகள் கிடைப்பார்கள். மதுக்கூடங்களில் சந்திக்கும் தோழர்களில் ஒருவருக்குச் சிகிச்சைத் திறனைக் கூட்டிவையுங்கள். விழுந்தவர்களில் பலர் சாகாமல் காயத்தோடு திரும்புவார்கள்.

போர் தொடங்கியதும் எல்லோரையும் ஓடவிடாதீர்கள். எஃப்1 விசையை இரண்டு முறை அழுத்தினால் ஆட்கள் நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்து நிற்பார்கள். மேடான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். எதிரிகள் ஏறி வரும்போது சிதறி, ஒருவர் பின் ஒருவராக வந்து சேருவார்கள். இருபதடி இருக்கும்போது எஃப்1, எஃப்3 அழுத்திப் பாயவிடுங்கள்.

இருவர் உங்களைச் சூழ்ந்தால் நின்ற இடத்தில் நின்று தடுக்க முயல வேண்டாம். சிலம்பத்தில் இருவருக்கு எதிராக நிற்கும்போது காலடியை எப்படி மாற்றுவீர்களோ அப்படியே செய்யுங்கள். ஒருவனுக்குப் பின்னால் மற்றவன் மறையும்படி பக்கவாட்டில் வட்டமாக நகருங்கள். முன்னால் இருப்பவன் இரண்டாமவனுக்கு வழியை அடைத்துக்கொள்வான். அந்த இரண்டு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும். அதில் ஒரு தடுப்பு, ஒரு வெட்டு, மறுபடியும் நகர்வு. எறியீட்டி தீரும்வரை கேடயத்தை இறக்கவே இறக்காதீர்கள்.

குதிரை போனதற்கு வருந்த வேண்டாம். போட்டிக்களத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் மீதே கேமின் நாணயத்தில் 100 தினார் வரை பந்தயம் கட்டலாம். இறுதிச் சுற்றுவரை வென்றால் ஒரே மாலையில் நல்ல குதிரைக்கான பணம் சேர்ந்துவிடும். அங்கே கொடுப்பவை மழுங்கிய பயிற்சி ஆயுதங்கள்தான், தோற்றாலும் கட்டிய பந்தயத்தைத் தவிர வேறெதுவும் போகாது.